பழுப்புப் பக்கம்

பஸ்ஸில் உட்காருமுன் சீட்டைத் துடைக்கிறவர்கள் உண்டு. எங்கள் பட்டறையில் வேலை பார்த்த அக்கா முன்சீட்டில் இருக்கிற ஆளின் சட்டைக் காலரையும் சேர்த்துத் தட்டிவிடுவார்.

ஒருமுறை நானும் அவரும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒருத்தர் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் தூங்கி வழிந்தார். தலையில், காலரில், காது மடலில் எல்லாம் மில் பஞ்சு. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு இழையாக எடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள் திடுக்கிட்டு விழித்தார்.

“யாரும்மா நீ? என்ன பண்ணுத?”

“ஒண்ணுமில்லண்ணே, பஞ்சு இருந்துச்சு. பாக்குறவிய என்ன நெனைப்பாவ?”

“மில்லுல வேல பாக்கான்னு நெனைப்பாவ. வேறென்னத்த நெனைப்பாவ?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இந்தப் பெண்பிள்ளை யாரென்றே தெரியாது என்கிற பாவனையில் நான் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா மடியில் பஞ்சைச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்திருந்தார். இறங்கும்போது அதை வெளியே எறியாமல் இடுப்பில் முடிந்துகொண்டார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் ராஜபாளையத்தில் சில பேர் இன்னமும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. எங்களிடம் வேலையை விட்டு, மகளோடு தென்காசிப் பக்கம் போய்ப் பல வருஷமாகிவிட்டது. போகும்போது கோபத்தோடு போகவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் பட்டறைக்கு வருமுன் அவர் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி வெளுக்கிற இடத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். துணியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளி தேடுவதுதான் அவர் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் போனவர், தலை நரைக்கிற வரைக்கும் அதே வேலை. அப்படிப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் இருப்பது இரண்டே வகை என்று அவருக்கு ஆகிவிட்டது. வெள்ளை ஒன்று, இன்னும் வெளுக்காதது ஒன்று. அந்த இடத்தில் பிளீச்சிங் நெடி மூச்சுக்கு ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களிடம் வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருந்தது ஒரு நெருக்கமான சந்து. தன் வாசலைக் கழுவினால் தண்ணீர் பக்கத்து வாசல் வழியாகத்தான் ஓடும். ஓடுகிற தண்ணீர் ஓடட்டும் என்று விட்டிருக்கலாம். அக்கா அந்த வாசலையும் தேய்த்துக் கழுவிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏட்டி, என் வாசலு நாறுதுன்னு ஊருக்குச் சொல்லுதியா?”

“அய்யோ, இல்ல மதினி. ஆடிப்பூரம் வருது, தேர் பாக்க நாலு பேரு இந்த வழியாத்தான போவாவ. அவிய என்ன நெனைப்பாவன்னு…”

“என்னைய என்ன நெனைக்கணுமோ நெனைச்சுக்கிடட்டும். ஒனக்கு என்ன வந்துச்சு?”

இதை அக்காவே எங்களிடம் வந்து சொன்னார். அவள் ஏன் சண்டைக்கு வந்தாள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அடுத்தவர் மானமும் தன் பொறுப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செண்பகத்தோப்பு ஓடைக்கு அக்காவையும் கூட்டிப்போனோம். யாரோ தின்றுவிட்டுப் போட்டிருந்த தட்டுகளையெல்லாம் பொறுக்கி, ஓடைத் தண்ணீரில் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். வனத்துறை ஆள் வந்து, இதெல்லாம் நீங்கள் தின்று போட்டதா என்று கேட்டு எங்களைத்தான் திட்டினார். என் வீட்டுக்காரருக்குச் சிரித்து மாளவில்லை. எனக்கு வந்தது எரிச்சல்.

இனி எங்கள் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்க ஒன்று பூசுகிறார்களே, டெஃப்லான், அதுதான் எங்கள் தொழில். எங்களுக்கு அது தகடாக வரும். பால் வெள்ளை. நெய்வதற்கு முன், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கஞ்சியில் நனைந்த நூல், ஆவியில் சூடேறிய பெரிய உருளைகளின் மேல் ஓடிக் காய வேண்டும். உருளையில் கஞ்சி ஒட்டினால் நூல் அறுந்து நாசமாகும். அதனால் உருளைக்கு டெஃப்லானில் ஒரு சட்டை போடுவார்கள். வம்பு எங்கே என்றால், கஞ்சியே ஒட்டாத டெஃப்லானில் பசை மட்டும் எப்படி ஒட்டும்? தகடு உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தானே சட்டை?

அதற்குத்தான் பக்குவம். தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சோடியம் கலந்த ஒரு மருந்தில் நனைத்தெடுக்க வேண்டும். டெஃப்லானை வழுக்க வைக்கிற ஃப்ளோரினை மேல்தோலிலிருந்து அந்த மருந்து பிடுங்கிவிடும். பிடுங்கின இடம் பழுப்பாகிவிடும். டீக்கறை படிந்த மாதிரி ஒரு நிறம். பார்க்கச் சகிக்காது. ஆனால் பசை பிடிப்பது அந்தப் பழுப்பில்தான். அது போனால் தகடு மறுபடி பழைய வழுக்குத் தகடுதான். வெயில் பட்டால்கூட அதன் பிடி குறைந்துவிடும் என்று கறுப்புத் தாளில் சுற்றி வைப்போம்.

என் வீட்டுக்காரர் இந்த வித்தையை ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டவர். ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து சொந்தமாகத் தொடங்கியதும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. யாராவது பார்த்து, தெரிந்துகொண்டு, எதிர்த்தாற்போல் ஒரு பட்டறை போட்டுவிடுவார்களோ என்று. மருந்தில் நனைக்கிற வேலையைப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்வார். அந்த மருந்தின் அந்துருண்டை நாற்றம் வீடு வரைக்கும் வரும். சொந்தக்காரர்கள் வந்தால், பீரோவைத் திறந்து போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பழுப்பைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “அது கெமிக்கல் கறை. போகாது, விடுங்க.” நானும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். எங்கள் ஆட்களுக்கும் அதே பதில்தான். அக்காவுக்கும்.

நனைத்துக் கழுவிக் காய்ந்து வருகிற தகடுகளின் வெள்ளைப் பக்கத்தைத் துணியால் துடைத்து, கறுப்புத் தாளில் சுற்றி அடுக்குவது அக்காவின் வேலை. துடைத்துக்கொண்டே அடிக்கடி தகட்டைத் திருப்பிப் பார்ப்பார். என்னிடம் கேட்பார்.

“இது என்னத்துக்குத் தாயி இம்புட்டுக் கறை?”

“கெமிக்கல் கறைக்கா. போகாது.”

“போகாத கறைன்னு ஒண்ணு இருக்கா? நேரம் குடுக்கல, அம்புட்டுதான்.”

நான் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். பிள்ளைப்பூச்சி மாதிரி இதையே குடைகிறாரே என்று அலுப்பாகவும் இருக்கும். இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அக்கா எதிர்ப்பட்டறை போடுகிற ஆளா?

ஒருநாள் கஞ்சி போடுகிற மில் ஒன்றிலிருந்து புதிதாக ஒரு ஃபிட்டர், எப்போது சரக்கு தயாராகும் என்று கேட்க வந்தான். மில்லுக்கு இது பெரிய வேலை. எல்லா உருளைக்கும் புதுச் சட்டை. எங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை. அந்த மில்லில் நல்ல பெயர் வாங்கினால் மற்ற மில்லுகள் தானாக வரும். கெட்ட பெயர் வாங்கினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஃபிட்டர் ஒரு தகட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, நீட்டி வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டான்.

“என்ன இது, கழிச்சுப் போட்டத எங்க தலையில கட்டுதியளா?”

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. “நம்மளப் போயி அப்பிடிக் கேட்டுட்டுப் போறானே தாயி” என்று சாயந்திரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மளை என்றுதான் சொன்னார். சம்பளம் கொடுக்கிறவள் நான், அவமானப்பட்டது அவர்.

அந்த வாரம் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். நாங்கள் இரண்டு பேரும் மற்ற ஆட்களுக்கு இரண்டு நாள் லீவு விட்டு, பட்டறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். சரக்கெல்லாம் தயார், மில் வேன் வந்தால் ஏற்றிவிட வேண்டியது மட்டும்தான் பாக்கி. திரும்பி வந்தபோது வேன் வந்து போயிருந்தது. அக்கா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு, கைவிரல்களெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

“ஒரு வேல செஞ்சு வச்சிருக்கேன். என்னன்னு இப்பச் சொல்லமாட்டேன். மில்லுக்காரவிய சொல்லுவாவ, அப்பொறம் தெரியும் ஒங்களுக்கு.”

உள்ளே பார்த்தால் தரை பளபளவென்று இருந்தது. கழிப்பறையைக்கூடத் தேய்த்துவிட்டிருந்தார். இதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டு முறுக்கைக் கொடுத்தேன்.

அக்கா செய்திருந்தது வேறு. தன் பழைய இடத்திலிருந்து பிளீச்சிங் தண்ணீர் கேன் கேனாக வாங்கி வந்திருக்கிறார். மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் விலக்கி வைத்த அதே தண்ணீர். அதைச் சுட வைத்து, தொட்டியில் ஊற்றி, சுற்றி வைத்திருந்த தகடுகளைப் பிரித்து ஊறப் போட்டு, பழுப்பு போகிற வரைக்கும் தேய்த்திருக்கிறார். மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளி பார்த்து, மறுபடி அழகாகக் கறுப்புத் தாளில் சுற்றி வேனில் ஏற்றிவிட்டார். வெளுப்பு வேலை தெரிந்தவர் வெளுத்த வெளுப்பு. ஒரு தகட்டில்கூட மிச்சம் வைக்கவில்லை.

மில்லில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, இது ஏதோ புது மாடல் போல என்று ஒட்டியிருக்கிறார்கள். உருளை சூடேறி ஓட ஆரம்பித்ததும் தகடுகள் ஓரத்தில் கிளம்பின. பிறகு உரிந்தன. நூல் தாறுமாறாக உருளையில் சுற்றி அறுந்து, மிஷினை நிறுத்தும்படி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேனேஜர் ஒன்றும் சத்தம் போடவில்லையாம். எல்லா ஆட்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, உரிந்து கிடந்ததை நீரே பொறுக்கிக்கொண்டு போம் என்று சொன்னாராம். இவர் குனிந்து பொறுக்கியிருக்கிறார்.

தகடுகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து பட்டறை நடுவில் போட்டார்.

“யாரு இதக் கழுவுனது?”

அக்கா எழுந்து வந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நாள் காத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“நாந்தான் தம்பி. போச்சா கறை?”

அந்தச் சிரிப்பை நான் மறக்க முடியாது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் கத்திய கத்தலையும்தான். “மானத்த வாங்கிட்டியளே! அது கறையா? அதுதான வேலையே! அதுக்குத்தான நான் மருந்துல கெடந்து சாகுதேன்!” தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். தப்பு தன்மேல் இருக்கிறபோதுதான் இவர் குரல் இப்படி ஏறும். எனக்குத் தெரியும். கறை என்று சொல்லிக் கொடுத்தது யார் என்று அக்கா கேட்டிருந்தால் இவரிடம் பதில் இருந்திருக்காது. அக்கா கேட்கவில்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

“கறைன்னுல்லா நெனைச்சேன்” என்றார் மெதுவாக. அவ்வளவுதான். அந்தத் தகடுகளை எடுத்து அடுக்கினார். அப்போதும் அடுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அக்கா வரவில்லை. வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். “போகட்டும் விடு” என்றார் இவர். மத்தியானம் மில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. தலையில் அடுத்த இடி என்று பயந்துகொண்டே எடுத்தார். எதிர்முனையில் மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா மில்லுக்கே போயிருக்கிறார். கேட்டில் நின்று, வாட்ச்மேனிடம் மன்றாடி, மேனேஜர் முன்னால் போய் நின்றுவிட்டார். எங்க முதலாளி மேல தப்பில்ல சார், மருந்து மேலயும் தப்பில்ல, கறைன்னு நெனச்சு நாந்தான் பிளீச்சிங் போட்டு வெளுத்துட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர், “ஏலே, இங்க வாங்கல, இதக் கேளுங்க” என்று ஆபீஸ் ஆட்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறார். ஃபிட்டர் வந்ததும் மறுபடி.

சாயந்திரம் பட்டறைக்கு வந்து அக்கா சொன்னார்: “அவியளுக்குச் செவியில விழலையோன்னு சத்தமாவே சொன்னேன் தம்பி. கோவமெல்லாம் இல்ல. ஒரே சிரிப்பு. தகட்ட மறுபடியும் அனுப்பச் சொல்லுதாவ.”

உண்மைதான். பழுப்போடு புதுத் தகடுகளை அனுப்பினோம், உருளையில் ஒட்டி நின்றன. மில் கை நழுவவில்லை. எங்கள் தொழிலைக் காப்பாற்றியது அந்த மனுஷி கேட்டில் போய் நின்றதுதான். அதற்கு நாங்கள் செய்த கைம்மாறு என்ன என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊருக்கு அந்தக் கதை கிடைத்தது. மில் மேனேஜர் டீக்கடையில் சொன்னார், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் சொன்னார். டெஃப்லானை வெளுத்த அக்கா. பஸ் கண்டக்டர், “அக்கா, என் யூனிபாரத்தயும் செத்த வெளுத்துக் குடுங்களேன்” என்று கேட்டானாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பக்கத்து வீட்டு அம்மாள், “என் வாசலோட நிக்காம மில்லு வரைக்கும் போயிட்டாளாக்கும்” என்று சந்து முழுக்கக் கேட்கச் சொன்னாளாம். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது, மில்லில் அவர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள் என்று. அதற்குப் பிறகு நான் அவரோடு பஸ்ஸில் போனபோது அவர் சீட்டைத் துடைக்கவில்லை. கையைச் சேலைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, அழுக்கு சீட்டில் அப்படியே உட்கார்ந்தார்.

அந்தக் கதை அதோடு ஓய்ந்திருக்கும். ஊர் வாய்க்கு வேறு ஒன்று கிடைத்திருக்கும். அதை ஓய விடாமல் வைத்திருந்தது நாங்கள்தான். யாராவது புதிதாகத் தகடு கேட்டு வந்தால், என் வீட்டுக்காரர் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, இந்தக் கதையை எடுப்பார். பழுப்பு இருந்தால்தான் ஒட்டும், பழுப்பு போனால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பிப்பார். எங்கள் பக்குவம் எவ்வளவு உசத்தி என்பதை விளக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வேலை கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக் காப்பாற்றிய ரகசியம் இப்போது டீயோடு கொடுக்கிற பலகாரமாகிவிட்டது. பழுப்பு என்றால் என்ன என்று அக்காவும் அப்படித்தான் தெரிந்துகொண்டார். யாரும் தனியாக உட்கார வைத்து அவருக்குச் சொல்லவில்லை.

கதை முடிகிற இடத்தில் இவர் கூப்பிடுவார். “அக்கா, செத்த இங்க வாங்க. இவங்கதான் சார்.” அக்கா வந்து நிற்பார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் ஒருமுறை இவரிடம், போதும், இதை விடுங்கள் என்று சொன்னேன். “அவங்களே சிரிக்காங்க, ஒனக்கு என்ன?” என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? ஒருநாள் இவர் கதை சொல்லும்போது ஒரு இடத்தை விட்டுவிட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். “அந்த ‘போச்சா கறை?’ங்கிறத விட்டுட்டீங்களே.” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அக்கா பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இதைவிட வெட்கக்கேடு ஒருத்திக்கு என்ன இருக்கிறது?

பிறகு ஒருநாள் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பார்ட்டி, பெரிய மில்லுகளுக்கெல்லாம் உருளை செய்து கொடுக்கிறவர்கள். இவர் தகட்டைத் திருப்பிக் காட்டி, “இந்தப் பழுப்பு இருக்கு பாருங்க, இத வச்சு எங்க பட்டறையில ஒரு கூத்து நடந்துச்சு” என்று தொடங்கினார்.

“நான் சொல்லுதேன் தம்பி” என்றார் அக்கா.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர்கள் எதிரில் நின்றார். சொல்ல ஆரம்பித்தார். இவர் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். ஃபிட்டர் இரண்டு விரலால் தகட்டைப் பிடித்ததை நடித்துக் காட்டினார். பிளீச்சிங் தண்ணீரில் இருமிக்கொண்டே தேய்த்ததைச் சொன்னார், இருமியும் காட்டினார். மாடியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்ததைச் செய்து காட்டினார். என் வீட்டுக்காரர் தகடுகளைக் கொண்டுவந்து போட்ட இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு, “போச்சா கறை?” என்றார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர்கள் சிரித்து முடிக்கிற வரை அக்கா காத்திருந்தார். பிறகு மில் மேனேஜர் குரலில், ஏலே இங்க வாங்கல என்றார். மறுபடி சிரிப்பு. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் வேலையை உறுதி செய்துவிட்டுப் போனார்கள். இவர் அவர்களை வழியனுப்பக் கார் வரைக்கும் போனார். அக்கா டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.  அவரே திரும்பினார்.

“எதாச்சும் விட்டுட்டனா தாயி?”

“இல்லக்கா.” அவர் கையிலிருந்த கிளாஸ்களை வாங்கப் போனேன். “நீங்க எதுக்குக்கா இதையெல்லாம் சொல்லணும்? இனிமே யாரும் சொல்ல வேண்டாம். நான் அவர்கிட்டச் சொல்லுதேன்.”

அக்கா ஒன்றும் புரியாதவர்போல என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வந்துவிட்டது.

“அப்பிடிச் சொல்லாத தாயி. அம்புட்டுப் பெரிய தப்புப் பண்ணியும் தம்பி என்னைய நிப்பாட்டாம வச்சிருக்காவ. எதுக்கு வச்சிருக்காவ? வாரவியகிட்ட இந்தக் கதையச் சொல்லணும்னுதான? அதையும் வேண்டாம்னுட்டா, நான் என்ன வேலன்னு இங்க வாரது?”

உங்கள் கைவேலைக்காகத்தான் அக்கா, உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் நம்புகிற மாதிரி நாங்கள் ஒருநாள்கூட நடந்துகொண்டதில்லை. வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்கா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.